விளக்கில் எண்ணெய் கசிவதேன்?

மண்ணெண்ணெய் விளக்கு என்பது பழங்காலத்துப் பொருள், இனி அது எவருக்கும் வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் பலர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர் அவ்வாறு எளிதில் எண்ணிவிடமாட்டார்கள். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அதனையடுத்துக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. ஓரிரு நாட்களுக்கன்று, ஆண்டுக்கணக்காகவே அங்கு இருள் சூழ்ந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் பெற்றோலும் மின்கலங்களும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. 2013ஆம் ஆண்டிலேதான் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை உயரழுத்த மின்வழி அமைந்து, குடாநாடு நாட்டின் மின்வலையமைப்போடு மீண்டும் இணைந்தது. அதன்பின்னரும் 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நாடு முழுவதுமே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டை அனுபவித்தது. அப்பொழுது மூலையிற் கிடந்த பழைய விளக்குகள் பல தூசு தட்டப்பெற்று மீண்டும் மேசைக்கு வந்தன.

அவ்வாறு வந்த விளக்குகளிற் பெரும்பாலானவை ஒரே குறையை உடையனவாயிருந்தன. விளக்கின் அடியிலே எண்ணெய் ஈரம். மேசையிலே வட்டமாக ஒரு கறை. அறை முழுவதும் மண்ணெண்ணெய் நாற்றம். இந்தக் கசிவு ஏன் உண்டாகிறது, அதனைக் கண்டுபிடிப்பது எவ்வாறு, வராமற் காப்பது எவ்வாறு என்பன சிறிய வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு வீட்டின் நலமும் ஒரு குழந்தையின் உயிருங்கூடச் சிலவேளை இவ்வினாக்களின் விடையிலே தங்கியிருக்கின்றன.

தடைக்காலத்திலே குடாநாட்டு மக்கள் தாமே அமைத்துக்கொண்ட விளக்கொன்று உண்டு. அதனை ஜாம் போத்தல் விளக்கு என்று வழங்கினார்கள். வெறுமையான ஜாம் போத்தலொன்றின் உள்ளே பஞ்சை வைப்பார்கள். அப்பஞ்சு நனையுமளவுக்கு மாத்திரம் சிறிது மண்ணெண்ணெயை விடுவார்கள். துவிச்சக்கரவண்டி ரியூப்பின் வால்கட்டையினூடாக நூற்றிரியைச் செலுத்தி, அதன் ஒருமுனை பஞ்சைத் தொடும்படி பொருத்துவார்கள். சுடர் சிறியது, ஆயினும் புத்தகத்தின் எழுத்துத் தெரிவதற்கு அது போதியதாயிருந்தது. அக்காலத்திலே சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் படித்த மாணவர் பலருக்கு இரவிலே துணைநின்றது இந்தச் சுடரேயாம்.

சிக்கனத்துக்காகத் தோன்றிய இவ்விளக்கிலே பாதுகாப்பும் தானாகவே அமைந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பஞ்சின் நுண்ணிய இழைகளுக்கிடையே எண்ணெய் பிடித்துவைக்கப்படுகிறது. ஆதலால் போத்தல் சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டுவதில்லை. ஆனால் இந்நன்மைக்கு ஓர் எல்லையுண்டு. பஞ்சு ஏற்கக்கூடிய அளவுக்கு மேலாக எண்ணெயை விட்டால், மிஞ்சிய எண்ணெய் அடியிலே தேங்கி, சாய்ந்தவுடன் வெளியேறும். எண்ணெய் விட்டபின் போத்தலைச் சற்றுச் சரித்துப் பார்த்து, ஓடித்திரியும் எண்ணெயைத் திரும்ப வடித்துவிடுவதே இதற்குரிய முறை.

இனி, கசிவின் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். முதற்காரணம் மண்ணெண்ணெயின் இயல்பே. நீரின் மேற்பரப்பிழுவிசையோடு ஒப்பிட்டால் மண்ணெண்ணெயின் இழுவிசை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கேயாகும். நீர் துளியாக உருண்டுநிற்கும் இடத்திலே மண்ணெண்ணெய் படர்ந்து பரவும். நீர் புகாத மயிர் போன்ற இடுக்கினூடாகவும் அது புகுந்து செல்லும். ஆதலால், நீரை விட்டுச் சோதித்தபொழுது ஒழுகாத பாத்திரம் மண்ணெண்ணெயை விட்டதும் வியர்ப்பதுண்டு.

இரண்டாவது காரணம் வெப்பம். மண்ணெண்ணெய் பத்துப் பாகை செல்சியசு சூடேறினால் அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு பெருகுகின்றது. அதன் மேலேயுள்ள காற்றோ இன்னும் அதிகமாக விரிகின்றது. கழுத்துவரை நிரப்பிய விளக்கிலே எண்ணெய் பெருகுவதற்கு இடமில்லை. எனவே அது மூடியின் விளிம்பைத் தேடிச் செல்கின்றது. திரிக்குழாயின் கீழ்முனை எண்ணெயில் அமிழ்ந்திருக்குமாயின், விரியும் காற்று எண்ணெயை அக்குழாய் வழியாக மேலே தள்ளிவிடும். இக்காரணத்தினாலேயே விளக்கை முக்காற்பங்குக்கு மேல் நிரப்பலாகாது. குழாயின் கீழ்முனை எண்ணெய் மட்டத்துக்கு மேலேயே நிற்றல்வேண்டும். திரி மாத்திரமே எண்ணெயிற் தோய்தல்வேண்டும்.

மூன்றாவது காரணம் திரி. திரியானது எண்ணெயை ஏற்றுகின்ற வேலையை விளக்கு எரியும்பொழுது மாத்திரமன்று, அணைந்தபின்னரும் செய்துகொண்டேயிருக்கும். எரியும்பொழுது ஏறிய எண்ணெய் சுடரிலே செலவாகின்றது. அணைந்தபின் அது செலவாவதில்லை. திரியின் நுனியிலிருந்து உலோகத்திற் படர்ந்து, மூடியின்மேற் பரவி, போத்தலின் பக்கவாட்டில் இறங்குகின்றது. திரியின் வெளிமுனை நீண்டு, எண்ணெய் மட்டத்துக்குக் கீழே தொங்குமாயின், எண்ணெய் துளித்துளியாக வெளியே வடிந்துகொண்டேயிருக்கும். காலையில் விளக்கின் அடியிலே ஈரத்தைக் கண்டு போத்தலில் வெடிப்பு உண்டென்று ஐயுறுவோர் முதலில் திரியைப் பார்த்தல் நன்று. அரிக்கன் லாம்பை அணைத்தபின் திரியை வாய்ப்பகுதியின் விளிம்புக்குக் கீழே இறக்கிவிட்டால் இக்குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

நான்காவது காரணம் மூடியும் அதன் கீழுள்ள வளையமும். பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்பை வெட்டி வளையமாக இடுவது பலருடைய வழக்கம். கையிலே கிடைக்கும் பொருள் அதுவேயாயினும், மண்ணெண்ணெய் பட்டவுடன் றப்பர் ஊதிப்பருத்து மென்மையாகிவிடும். முதல்நாள் இறுகப் பிடித்த வளையம் சில நாட்களிலே நெகிழ்ந்து, பிதுங்கி, வழிவிடும். தக்கையினாலோ தடித்த அட்டையினாலோ வெட்டிய வளையம் இதிலும் மேலானது. அதுவும் காலத்துக்குக் காலம் மாற்றப்படவேண்டியதே.

ஐந்தாவது காரணம் துரு. தகரத்தாலான எண்ணெய்த் தாங்கியின் அடியிலே நீர் தங்கினால் உள்ளிருந்தே துரு அரித்து ஊசித்துளைகளை உண்டாக்கும். கடற்காற்று வீசும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை முதலிய கரையோர ஊர்களில் இதற்கு நாட்செல்வதில்லை. நீண்டகாலம் பயன்படுத்தாது வைக்கும் விளக்கை எண்ணெய் வடித்து, உலர்த்தி, துடைத்து வைத்தல் வேண்டும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குக் குடாநாட்டில் எவருக்கும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. துவிச்சக்கரவண்டி ரியூப்பிற் காற்றுப்போகும் இடத்தைக் காண்பதற்கு நீர்ப்பாத்திரத்தில் அதனை அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பார்ப்பதில்லையா? அதே முறைதான் இதற்கும் ஏற்றது. எண்ணெயை வடித்து, சவர்க்காரநீரால் தாங்கியைக் கழுவி, வாய்களை அடைத்து, நீரில் அமிழ்த்திக் கையால் மெதுவாக அழுத்தினால் குமிழிகள் துளையைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடிப் போத்தலாயின், வெளியே நன்றாகத் துடைத்து, உலர்ந்த கடதாசியின்மேல் இரவு முழுவதும் வைத்தால் கறை விழும் பக்கம் கசிவின் பக்கத்தை உணர்த்தும். எரியும் தீக்குச்சியைக் கொண்டு கசிவைத் தேடுவது எக்காலத்திலும் ஆகாது.

துளையை அடைப்பதற்குக் கட்டிச் சவர்க்காரத்தை அப்புவது பலரும் அறிந்த உபாயம். அது எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு உதவும் தற்காலிக அடைப்பேயன்றி, விளக்கை ஏற்றி எரிப்பதற்குத் தகுந்த திருத்தமன்று. ஈயம் பற்றவைப்பதாயின் தாங்கியை முற்றாகக் கழுவி உலர்த்தியபின்பே அதனைச் செய்வித்தல் வேண்டும். உள்ளே எஞ்சிய ஆவி சூடுபட்டால் வெடிக்கும். வெடித்த கண்ணாடிப் போத்தலுக்கு மருந்து எதுவுமில்லை. அதனை எறிந்துவிடுவதே அறிவுடைமை.

கசிவினால் வரும் நட்டம் பணநட்டம் மாத்திரமன்று. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபொழுது, படகோட்டும் கடற்றொழிலாளரும் விளக்கேற்றும் ஏழைக் குடும்பங்களும் ஒவ்வொரு துளியின் அருமையையும் உணர்ந்தார்கள். ஆயினும் பணம் போனால் உழைத்துப் பெறலாம். தீயினால் வெந்த உடலை முன்போலாக்குதல் அரிது. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் தீப்பற்றக்கூடிய ஆவியைப் போதியளவு விடுகின்றது. பெற்றோலோ உறைபனிக் குளிரிலுங்கூட அத்தகைய ஆவியை விடும். மண்ணெண்ணெயிற் சிறிது பெற்றோல் கலந்திருந்தாலும் விளக்கு வெடிகுண்டாகிவிடக்கூடும். ஆகவே பெற்றோல் இருந்த கலனில் மண்ணெண்ணெய் வாங்கலாகாது.

இலங்கையிலே குப்பி விளக்குச் சரிந்து நேர்ந்த தீக்காயங்களைக் கண்டு மனம்நொந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் விஜய கொடகும்புர. காயத்துக்கு மருந்திடுவதோடு நின்றுவிடாது, காயத்தை உண்டாக்கிய விளக்கையே திருத்த அவர் முற்பட்டார். உயரங்குறைந்ததும் கனமானதுமான ஒரு கண்ணாடி விளக்கை அவர் வகுத்தார். அதன் இருபக்கங்கள் தட்டையானவை. ஆதலால் சரிந்தாலும் உருண்டோடாது. அதன் உலோக மூடி திருகிப் பூட்டப்படுவது. ஆதலால் எண்ணெய் கொட்டாது. 'சுதீப' என்று பெயர்பெற்ற அவ்விளக்குக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விலையுயர்ந்த பொறி எதுவும் அதிலில்லை. அடி அகலமாயிருத்தல், பாரமாயிருத்தல், மூடி இறுகியிருத்தல் ஆகிய மூன்றுமே அதன் இரகசியம். வீட்டிலே விளக்குச் செய்வோரும் ஒடுங்கிய உயரமான போத்தலை விலக்கி, அகன்று தாழ்ந்த போத்தலைத் தெரிதல் வேண்டும். துணித் திரியைப் போத்தல் வாயிற் செருகிவிடாது, திருகுமூடியில் உலோகக் குழாயைப் பொருத்துதல் வேண்டும்.

பஞ்சு, திரவம், வெப்பம், வளையம் ஆகிய இந்நான்கும் சேருமிடமெல்லாம் இதே விதி செல்லும். இக்காலத்தில் உலகின் பல நாடுகளிற் பரவியுள்ள மின்சிகரெட் கருவிகளும், அளவுக்குமேல் நிரப்பினாலும் வளையம் தேய்ந்தாலும் சூட்டிலே வைத்தாலும் இவ்வாறே ஒழுகுகின்றன. அவற்றிலுள்ள நிக்கொட்டின் திரவம் தோலினூடாகவும் உட்செல்லும் நஞ்சாகும். இந்தியா 2019ஆம் ஆண்டில் அவற்றைச் சட்டத்தினால் தடைசெய்துவிட்டது.

இனி, காப்புமுறைகள் சிலவற்றை மனத்திற் பதித்தல் நன்று. எரியும் விளக்கில் எண்ணெய் விடலாகாது. அணைத்து, ஆறவைத்து, பகலிலேயே விடவேண்டும். சிந்திய எண்ணெயைத் துடைத்தபின்பே தீக்குச்சியை எடுக்கவேண்டும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயை வைத்தலாகாது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தை நீரென்று நினைத்துக் குடித்துவிடும். அவ்வாறு குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்தல் பெருந்தவறு. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலிற் புகுந்து உயிருக்கே ஊறுசெய்யும். உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதலே வழி. எண்ணெய்த் தீயின்மேல் நீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும். மணலையோ ஈரச்சாக்கையோ போட்டு மூடவேண்டும். உடலில் தீக்காயம் பட்டால் இருபது நிமிடமளவு ஓடும் குளிர்நீரைக் காட்டவேண்டும். பற்பசையும் நெய்யும் பூசலாகாது.

கழிவெண்ணெயைக் கிணற்றடியிற் கொட்டுவதும் கூடாது. குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றியது வெடிப்புக்களூடாகக் கீழே நன்னீரைச் சென்றடையும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கு 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றதை அவ்வூரார் மறந்திலர்.

விளக்கை ஏற்றுவது மங்கலமான செயல் என்பது தமிழர் கொள்கை. ஏற்றுவதற்கு முன் அதனைக் கையிலெடுத்து, அடியைத் தடவி, மூடியைத் திருகிப் பார்ப்பதற்கு அரைநிமிடம் போதும். இன்று மின்சாரம் இருக்கின்றது என்று மூலையில் வைக்கப்பட்ட விளக்கு, அது இல்லாத இரவிலே அவசரமாக எடுக்கப்படும். அந்த அவசரத்திலே சோதனை செய்ய நேரமிராது. ஆகவே பகல் வெளிச்சம் இருக்கும்பொழுதே அதனைச் சோதித்து வைப்பவர் வீட்டில், இரவு வரும்பொழுது ஒளி மாத்திரமே வரும்.