சூரையைப் பிடித்துத் தரும் சிறுமீன்கள்

இலட்சத்தீவுகளின் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரே. ஆனால் அத்தீவுகளின் கடற்கழிகளோ ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கின்றன. தீவு மக்களுக்குத் தென்னையோடு சோறு போடுவது சூரை மீன்.

தூண்டிற்கோலால் சூரை பிடிக்கும் முறை மினிக்காய்த் தீவில் தொன்றுதொட்டு நிலவி வருவதாகும். 1960களில் இயந்திரப் படகுகள் வந்த பின்னர் அது பிற தீவுகளுக்கும் பரவியது. மீனவர் முதலில் கடற்கழியில் வலையிட்டு, விரல் நீளமுள்ள சிறுமீன்களைப் பிடித்துப் படகிலுள்ள தொட்டியில் உயிருடன் வைத்துக் கொள்கின்றனர். வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசுவர். கூடவே நீரையும் தெளிப்பர். இரையைத் தேடி மேலே வரும் சூரையை, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் எறிவர். வேண்டாத உயிர்களை வாரி எடுக்காத முறை இது. இவ்வாறு பிடித்த சூரை வேகவைக்கப்பட்டு, புகையூட்டப்பட்டு, வெயிலில் உலர்ந்து மாசியாகிறது. தமிழ்நாட்டுச் சமையலறைகள் அறிந்த அதே மாசிதான்.

ஆக, பெருங்கடல் மீனைப் பிடித்துத் தருவது கடற்கழியின் சிறுமீனே. அது ஓர் இனமன்று. நெத்திலியை ஒத்த வெள்ளிநிற மீன்கள் கழியின் திறந்த நீரில் கூட்டமாகத் திரிகின்றன. நீலப்பச்சை நிறச் சிறுமீன்கள் உயிருள்ள பவளக் கிளைகளுக்கிடையே ஒளிந்து வாழ்கின்றன. ஒன்று குறையும் பருவத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது. இப்பன்மையே மீனவரின் சேமநிதி எனலாம்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகையாக வெப்பமடைந்ததால் இத்தீவுகளின் பவளங்கள் வெளிறின. கிளைப்பவளங்களே முதலில் மடிபவை. அவை மடிந்தால் அவற்றில் குடியிருக்கும் இரைமீன்களுக்குப் புகலிடம் இல்லை. வெப்பத்தைத் தீவு நிர்வாகம் தடுக்க இயலாது. ஆனால் படகு வழிக்காகக் கழியின் எப்பகுதியைத் தூர்வாருவது, சிறு கண்ணி வலையை எங்கே, எப்பொழுது அனுமதிப்பது என்பவை அதன் கையில் உள்ளவை. எத்தனை டன் சூரை கரை சேர்ந்தது என்று எழுதும் பதிவேட்டில், அதற்கு எந்த இரைமீன் எவ்வளவு செலவாயிற்று என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். அதனை நிரப்ப மீனவரைவிடத் தகுந்தவர் இலர்.

ஆந்திரோத் தீவுக்குக் கடற்கழி இல்லை என்றே சொல்லலாம். அங்கிருந்து தூண்டிற்கோலுடன் புறப்படும் படகு இரைக்காக வேறொரு தீவின் கழியையே நாட வேண்டியுள்ளது. அக்கழியிலும் இரை அகப்படாத நாளில், சூரைக் கூட்டம் கண்ணெதிரே துள்ளினாலும் கோலுக்கு வேலையில்லை.