லாரி வேண்டாம், பதில் வேண்டும்

1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது. நிறைவேறியது. ஆனாலும் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்தது. சட்டமன்றத்தால் மட்டும் எல்லாம் ஆகிவிடாது. அதற்காக அதை அவர்களிடமே விட்டுவிடவும் முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகமெங்கும் படர்ந்தது. மீனவர்கள்தான் வாளியில் அள்ளினார்கள். படகில் ஒட்டிய எண்ணெய் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. குழாயில் கலக்கும் கழிவுநீர் குடிப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

எம்.எல்.ஏ.விடம் போய் "தண்ணி சரியில்லீங்க" என்றால் லாரி அனுப்புவார். நாமும் நன்றி சொல்லிவிட்டு வருவோம். அங்கேதான் தோற்கிறோம். எந்தத் தெரு, எந்தத் தேதி, என்ன வாடை, குடிநீர் வாரியம் கடைசியாக எப்போது மாதிரி எடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். அதையே பேரவையில் வினாவாக எழுப்பச் சொல்லுங்கள். லாரி நாளைக்கு வராமல் போகலாம். அமைச்சர் சொல்லும் பதில் அவைக்குறிப்பில் இருக்கும், அடுத்த முறை அதைக் காட்டிக் கேட்கலாம். அவர் தட்டிக்கழித்தால் பேரவையின் மனுக்கள் குழுவுக்கு எழுதுங்கள்.

ஒன்று மட்டும். குடம் தூக்குகிற அக்காக்களே பேசட்டும். படித்த நாம் பக்கத்தில் நோட்டோடு நின்றால் போதும்.