செய்திக்கும் வேண்டும் லைன் கிளியர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

சீத்தா கேம்ப் வாழ் தமிழ்க் குடும்பத்தாரே!

'சமூக ஊடகமும் நம் கடமையும்' என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பட்டம் பெற்றோரும் கணினித் தொழில் புரிவோரும் இக்குடியிருப்பில் பலர் இருக்க, மெட்ரிக் தேறி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எம்மை அழைப்பானேன் என்று வினவினோம். "சென்ற மழைக்காலத்தில் பொய்ச் செய்தி அனுப்பியவர் தாங்கள்தாமே! ஆதலால் தாங்களே பேசுங்கள்" என்று சிரித்துக்கொண்டே மறுமொழி கூறினார்கள். மறுத்துரைக்க எமக்கு வாயில்லை. அக்கதையையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியுமுன்னரே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணியளவில் எம் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. தண்டவாளங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. 'சூனாபட்டியில் வெள்ளம், ஹார்பர் வழி வண்டிகள் அனைத்தும் நிறுத்தம்' என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் எம்மோடு பணிபுரியும் நண்பர். நாலு பேர்க்கு உதவட்டும் என்னும் நல்லெண்ணத்தோடு அதனை நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டுத் தேநீர் அருந்த அமர்ந்தோம். மழையாயினும் வெயிலாயினும் பணிக்குச் சென்றே தீரவேண்டியவர் ஆதலின், பிறகு பேருந்தேறி மான்குர்து நிலையத்தை அடைந்தோம். எம் கண்முன்னே பன்வேல் வண்டி வந்து நின்றது! படம் முன்னோர் ஆண்டில் எடுக்கப்பட்டதாம். அன்று வண்டிகள் தாமதமாகவேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

எம் அண்டை வீட்டுப் பெண் செவிலியர் படிப்பை முடித்தவள். அன்று காலை அவளுக்கு வாஷியில் ஒரு மருத்துவமனையில் நேர்முகத் தேர்வு. மான்குர்துக்கு அடுத்த நிலையமே வாஷி. "வண்டியே இல்லையாம், இரயில்வே மாமாவே எழுதியிருக்கிறார்" என்று சொல்லி அவள் தாயார் அவளைத் தடுத்துவிட்டார். வேறு எவரேனும் எழுதியிருந்தால் அவள் நிலையம் வரையிலேனும் சென்று பார்த்திருப்பாள். எம் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த இரயில்வே முத்திரை அவளை வீட்டிலேயே இருத்திவிட்டது. உடனே மறுப்பு எழுதினோம். பொய்யைப் பலர் வேறு குழுக்களுக்குச் சுமந்து சென்றிருந்தனர். மறுப்பைச் சுமந்ததாகச் சொன்னவர் இருவரே. மாலையில் அவள் வீட்டுக்குச் சென்று தலைகுனிந்து நின்றோம். "பரவாயில்லை, மாமா" என்றாள். வசை கூறியிருந்தால் எம் மனம் ஆறியிருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எம் தொழிலின் முறையே எமக்கு நினைவுக்கு வந்தது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டியை விடுவதாயின், "விடுகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதாது. அடுத்த நிலைய அதிகாரி பாதை வெறுமையாய் இருத்தலை உறுதி செய்துகொண்டு 'லைன் கிளியர்' அளித்தல் வேண்டும். அவ்வாறு அளிக்குங்கால் 'பிரைவேட் நம்பர்' என்று ஓர் எண்ணையும் சொல்வார். முன்கூட்டியே அச்சிட்டுத் தரப்பட்ட தாளிலிருந்து எடுத்த எண் அது. ஒருமுறை கூறியதும் அதனை அடித்துவிடுவர். எண்ணும் மணியும் பதிவேட்டில் ஏறும். லெவல் கிராசிங்கில் கதவை மூடிய கேட்மேனும் அவ்வாறே எண் கொடுத்து, தாம் மூடியதற்குத் தாமே பொறுப்பேற்பார். தானியங்கிச் சைகைகள் பெருகிவிட்ட இந்நாளிலும் அம்முறை ஒழிந்து போகவில்லை. எம் போன்ற குமாஸ்தாக்களின் மேசைக்கு வரும் சாதாரணக் கடிதம்கூட வரவு எண்ணும் தேதியும் இன்றி நகராது. சொன்னவர் யார், எம்மணிக்குச் சொன்னார், கேட்டவர் யார் என்பன எழுத்தில் நிற்கும். பகலெல்லாம் இம்முறையில் உழலும் யாம், விடியற்காலையில் தேதியில்லாத ஒரு படத்தை எண்ணும் வாங்காமல் பதியவும் செய்யாமல் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் ஓட்டிவிட்டோம்!

ஒரு வேலை வாய்ப்பு தவறியதை இத்துணைப் பெரிதுபடுத்துவானேன் என்று எண்ண வேண்டா. இரயில்வேயைச் சார்ந்தோர் என்ற முறையில் மறக்கவியலாத நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறுகிறோம். 2017 செப்டம்பர் 29 ஆம் நாள், தசராவுக்கு முந்திய தினம், எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைபாலத்தில் நெரிசலில் 23 பேர் மாண்டனர். பெருமழையும் கூட்டமும் அதற்குக் காரணங்கள் என்று விசாரணையில் கூறப்பட்டது. எனினும் உயிர் தப்பியோர் சிலர் வேறொன்றும் சொன்னார்கள். இந்தியில் மலர் 'ஃபூல்', பாலம் 'புல்'. பூ விழுந்துவிட்டது என்று யாரோ கூவியது, பாலம் விழுந்துவிட்டது என்று பிறர் காதில் பட்டதாம். மற்றொன்று 2025 ஜனவரி 22 ஆம் நாள் நடந்தது. இலக்னோவிலிருந்து மும்பை நோக்கி வந்த புஷ்பக் எக்ஸ்பிரஸில், ஜல்காவ் மாவட்டத்தில், தீப்பற்றிவிட்டது என்னும் வதந்தி எழுந்தது. சங்கிலியை இழுத்து, அஞ்சிய பயணிகள் பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கினர். எதிரே கர்நாடகா எக்ஸ்பிரஸ் வந்தது. பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. வண்டியில் தீ இல்லை.

இவ்விரண்டிலும் கைபேசிக்குப் பங்கு உண்டென்று யாம் சொல்லவில்லை. 2005 ஜூலைப் பெருவெள்ளத்தைக் கண்டோர் இங்குப் பலர் இருக்கிறீர்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதற்கு இரு நாள் கழித்து ஜுஹு நேரு நகரில், நீர் பெருகி வருகிறது என்னும் வதந்தியால் மக்கள் ஓடி, நெரிசலில் சிக்கிக் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தனர். அன்று வாட்ஸ்அப் ஏது? வதந்தி மனிதர் வாயில் பிறந்தது. ஆனால் வாயால் வரும் வதந்தி ஒரு சந்தில் தொடங்கி மறு சந்தில் களைத்துப் போவதும் உண்டு. கைபேசியில் ஏறியதோ களைப்பதில்லை. 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று கருதிக் கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அவ்வாண்டு ஜூலை 1 இல், நம் மராட்டிய மாநிலத்தின் துலே மாவட்டத்தைச் சேர்ந்த ராயின்பாடா சிற்றூரில், பிச்சை ஏற்று வாழும் நாடோடிக் குடியினர் ஐவர் அவ்வாறே மாண்டனர். அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பலாகாது என்று எல்லை வகுத்தது. நிறுவனம் ஐந்தோடு நிறுத்தலாம். முதல் ஒன்றை நிறுத்த வல்லவர் நாமே.

நம் வாயிலில் நடந்ததையும் பேசாதிருத்தல் நேர்மையன்று. 2017 மார்ச்சு மாதத்தில், சமய நம்பிக்கையைப் புண்படுத்தும் ஃபேஸ்புக் பதிவு ஒன்று காரணமாக, டிராம்பே காவல் நிலையத்தின்முன் கூட்டம் திரண்டது. கல் பறந்தது, வண்டிகள் எரிந்தன, பலர் கைதாயினர். அவதூறு எழுதியவன் செய்தது பிழையே. ஆனால் அத்தகைய பதிவைக் கண்டு, "பாருங்கள் இக்கொடுமையை!" என்று சினத்தோடு பத்துப் பேர்க்கு அனுப்புவோர் செய்வது யாது? எழுதியவன் தன் கைக்கெட்டியவரை மட்டுமே வைதான். எஞ்சியோரிடம் அவ்வசையைச் சேர்ப்பித்தவர், அதனால் புண்பட்டவரே. அத்தகைய பதிவு நமக்கு வருமாயின், காவல் நிலையத்தில் ஒருமுறை காட்டிவிட்டுப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலே செய்யத்தக்கது.

உண்மையாயின் அனுப்பலாமே என்று இளைஞர் ஒருவர் எம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. இந்நகரின் மூத்த தமிழர் அறிவர்: 1960களில் 'மார்மிக்' என்னும் வார ஏடு, இங்குள்ள அலுவலகங்களில் பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டது. பெயர்கள் பொய்யல்ல, மனிதரும் பொய்யல்லர். ஆயினும் அப்பட்டியலைப் படித்தவன் தெருவில் எதிர்ப்பட்ட உடுப்பி ஓட்டலையும் லுங்கி கட்டியவனையும் எக்கண் கொண்டு பார்த்தான் என்பதை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வந்தேறி என்னும் சொல்லின் சுவை நமக்குத் தெரியும். 2023 மார்ச்சில், வேறிடத்துச் சண்டைப் படங்களைக் காட்டித் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பரப்பினார்களே, அதனைக் கேட்டுத் திருப்பூரிலிருந்து அஞ்சி ஊர் திரும்பிய தொழிலாளியின் நெஞ்சத்தை, இந்தியாவில் எவர் உணராவிடினும் மும்பைத் தமிழர் உணர்தல் வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு குழுவை அனுப்பி விசாரித்தது. பொய் பரப்பியோர் சிறை சென்றனர். ஆனால் அத்தொழிலாளி இழந்த கூலியை யார் கொடுத்தார்?

இவ்வளவும் கேட்டுக் கைபேசியைக் கடலில் எறிந்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். இதே மும்பையில் இக்கருவி ஆற்றிய நற்பணியும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி தாக்கியதும், பீட்டர் கிரிஃபின், டினா மேத்தா, ரோஹித் குப்தா முதலிய மும்பை வாசிகள் ஒரு வலைப்பூவைத் தொடங்கினர். எங்கே உதவி வேண்டும், எவர் தருகிறார், எவரைக் காணவில்லை என்னும் செய்திகளைப் பல நாட்டுத் தொண்டர்கள் அதில் தொகுத்தனர். பின்னர் அக்குழுவினர் நடத்திய 'மும்பை ஹெல்ப்' என்னும் வலைப்பூ, 2006 ஜூலை 11 இல் மேற்கு வழிப் புறநகர் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்த நாளில் பெரிதும் பயன்பட்டது. தொலைபேசிகள் திணறின. கடல் கடந்து வாழ்வோர், "என் தம்பி இந்த வண்டியில் செல்பவன், எண் இது" என்று எழுதினர். இங்குள்ளோர் அழைத்து, குரலைக் கேட்டபின் விடை எழுதினர். கேட்டபின் எழுதினர் என்பதைக் கவனியுங்கள். அதுவன்றோ லைன் கிளியர்!

அஞ்சி வாய் மூடியிருத்தலும் பொறுப்பாகாது. 2012 நவம்பரில், நகரம் முழுதும் கடையடைத்தது ஏன் என்று ஃபேஸ்புக்கில் கேட்டதற்காகப் பால்கரில் ஓர் இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறித்த அவள் தோழியும் கைது செய்யப்பட்டனர். அவர்கள் பொய் சொல்லவில்லை, எவரையும் வையவில்லை. அவ்வாறான கைதுகளுக்கு இடமளித்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சு 24 இல் செல்லாதென அறிவித்தது. குடிமகன் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

நம் முன்னோர் கேட்டனர். இவ்வூர் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். ஜனதா காலனியில் வாழ்ந்த 70,000 பேர் வரை, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் பெயர்த்தெறியப்பட்டு இங்குக் கொணரப்பட்டனர். அக்காலனியில் குப்பை அள்ள ஆள் வராத நாளில், கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்னும் இளைஞர் என்ன செய்தார்? சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைச் சுமக்கச் செய்து, நகராட்சி அலுவலகத்தின் முன்னே கொட்டச் செய்தார். பிற்காலத்தில், 2000 ஆம் ஆண்டில், மகசேசே விருது பெற்ற அப்பெருமகனார் 2018 இல் மறைந்தார். அன்று அச்சிறுவர் சுமந்து சென்ற செய்தியை எவரும் பொய்யென்று சொல்ல இயலவில்லை. அதன் நாற்றமே சான்று! இன்று அவ்வேலையைக் கைபேசி செய்யும். அடைந்த சாக்கடையைப் படமெடுங்கள். செக்டர், சந்து, தேதி, நேரம் எழுதுங்கள். உங்கள் பெயரையும் இட்டு மாநகராட்சியின் எம்-கிழக்கு வட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 1916 என்னும் எண்ணில் புகார் எண்ணைப் பெறுங்கள். இரயிலைப் பற்றியதாயின் 139 இருக்கிறது. 'ஒருவரும் கவனிப்பதில்லை' என்று குழுவில் எழுதும் புலம்பலைவிடப் புகார் எண் ஒன்று மேலானது. பின்னர் அலுவலரிடம் சென்று நிற்குங்கால் காட்டுவதற்குக் கையில் ஏதேனும் இருக்கும்.

நம் குடியிருப்புக் குழுவிலும் இப்போது ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. மழை, இரயில், கலவரம், காணாமற்போன குழந்தை ஆகியவற்றைப் பற்றி எழுதுவோர், கண்டவர் யார், எவ்விடத்தில், எம்மணிக்கு என்று சேர்த்தெழுத வேண்டும், இல்லையேல் நீக்கப்படும். முதல் மாதத்தில் இருவர் கோபித்துக்கொண்டு வெளியேறினர். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

அண்டை வீட்டுப் பெண்ணுக்கு நான்கு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இக்குழுவைக் கண்காணிக்கும் மூவருள் அவளும் ஒருத்தி. சென்ற வாரம், மேகா பிளாக் நேரம் மாறிவிட்டதென்று யாமே ஒரு செய்தி இட்டோம். ஒரு நிமிடத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது: "மாமா, பிரைவேட் நம்பர் வாங்கினீர்களா?" அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டு, சொன்னவர் பதவியும் மணியும் எழுதிய பின்னரே செய்தியை நிற்க விட்டாள்.