முகவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்

விருதுநகர் மாவட்டத்தில் ஏதாவது ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அங்குள்ள அச்சகங்களைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிவகாசியைச் சொடுக்கியதும், முகவரியின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஊர்ப்பெயர் வந்துவிடுகிறது. ஆனால் பட்டியல் வரவில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்குத் தமிழ் ஒத்துவராது என்று இந்த இடத்தில் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. உலாவி நம் கண்ணுக்குச் 'சிவகாசி' என்று காட்டினாலும், நிரல் கேட்கும்போது குறியீடாக மாற்றிய வடிவத்தையே தருகிறது. ச, இகரக்குறி, வ என்று எண்ணிப் போனால் சிவகாசியில் 7 குறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 எழுத்து. மொத்தம் 63 எழுத்துகள். அந்த நீண்ட சரத்தைச் 'சிவகாசி' என்ற பெயரோடு நேரே ஒப்பிட்டால் பொருந்தாதுதான். இதைப் பிரித்துப் படிப்பதற்கென்றே யுஆர்எல்செர்ச்பேரம்ஸ் என்ற கருவி உலாவியோடு கூடவே வருகிறது.

முகவரியை ஆங்கிலத்தில் வைத்தால் தொல்லை தீருமே என்று கேட்கலாம். தீராது. 'அண்ட் சன்ஸ்' என்று முடியும் கடைப்பெயரை & குறியோடு அப்படியே முகவரியில் எழுதினால், பெயர் அந்த இடத்திலேயே அறுபட்டு, மிச்சம் வேறொரு தகவலாகிவிடும். பட்டாசு விலைப்பட்டியலில் இருக்கும் '50%' முகவரிக்குள் அப்படியே போனால், குறியீட்டை மீண்டும் எழுத்தாக்கும் டீகோட்யுஆர்ஐகம்போனன்ட் பிழை காட்டி நின்றுவிடும். முகவரியை வெறும் சரமாகக் கையால் வெட்டி ஒட்டுவதே கோளாறுக்குக் காரணம்; எழுதிய மொழி அல்ல. சேர்க்கும்போதும் பிரிக்கும்போதும் யுஆர்எல்செர்ச்பேரம்ஸையே பயன்படுத்தினால் இவை இரண்டுமே நேராது.

கருவி கைகொடுக்காத இடமும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தில் தொடங்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலும் தொடங்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். நிரலுக்கு அவை வெவ்வேறு ஊர்கள். அருப்புக்கோட்டையின் 'கோ'வும் இரண்டு விதமாகப் பதிவாகலாம் என்றாலும், அதை ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் என்ற செயற்கூறு ஒரே வடிவமாக்கிச் சரிசெய்துவிடும். ஸ்ரீயை அது தொடாது. அதற்கு நாமே ஒரு வடிவத்தை மற்றதாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஊருக்குப் பதில் அஞ்சல் எண்ணை முகவரியில் வைப்பதும் நல்ல வழிதான். ஆனால் தேடல் பெட்டியில் மக்கள் ஊர்ப்பெயரைத்தான் தட்டுவார்கள். அதனால் தேடினால் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், அந்த எழுத்துகளின் குறி எண்களை முதலில் அச்சிட்டுப் பாருங்கள்.