நாய் கடித்தால் நஷ்ட ஈடு யார் தருவது?

நாய் நன்றியுள்ள பிராணி என்று பாலபாடத்திலேயே படித்துவிடுகிறோம். ஆசிரியனாக இருந்த காலத்தில் அவ்வாக்கியத்தை எத்தனையோ முறை பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த நன்றி வளர்ப்பவனுக்கு உரியது. வீதியில் போகும் வழிப்போக்கனுக்கு அதில் பங்கில்லை. அவனை நாய் கடித்துவிட்டால், மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் ஈடு செய்ய வேண்டியவர் யார்? சிறு கேள்வியாகத் தோன்றும் இது, மனிதன் சட்டம் எழுதத் தொடங்கிய காலந்தொட்டு இருந்து வருவது.

இன்றைய ஈராக் நாட்டில், பாக்தாத் நகருக்கு அண்மையில், எஷ்னுன்னா என்றொரு பண்டைய அரசு இருந்தது. ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன்னர்க் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட அதன் சட்டத்தில் நாய்க்கடிக்கென்றே ஒரு விதி காணப்படுகிறது. நாய் பொல்லாதது என்று அப்பகுதி அதிகாரிகள் உடையவனுக்கு அறிவித்த பின்னும், அவன் அதை அடக்கி வைக்காமல் விட்டு, அது ஒருவனைக் கடித்து அவன் இறந்துபோனால், உடையவன் 40 ஷெக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்க வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 ஷெக்கல் போதும். நாய்க்கு ஆண்டானும் அடிமையும் ஒன்றே. விலையில் வேற்றுமை வைத்தவன் மனிதன். அது நிற்க. இவ்விதியில் 'அறிவித்த பின்னும்' என்ற சொற்களை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாயின் குணம் உடையவனுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்பதே அங்கே எழுந்த வினா.

இதே வினாவைத்தான் இங்கிலாந்தின் பொதுச் சட்டமும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்தது. புலியையோ கரடியையோ ஒருவன் வளர்த்தால், அது செய்யும் தீங்குக்கெல்லாம் அவனே பொறுப்பு. அதன் குணம் எனக்குத் தெரியாது என்று அவன் சொல்லித் தப்ப இயலாது. நாயோ வீட்டு விலங்கு. ஆதலால் அது கடிக்கும் இயல்புடையது என்பதை உடையவன் அறிந்திருந்தான் எனக் கடிபட்டவனே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இதற்கு எளிய சான்று, அந்த நாய் முன்னரே வேறொருவரைக் கடித்திருப்பதுதான்! ஆகவே, ஒவ்வொரு நாய்க்கும் முதற்கடி இலவசம் என்ற கேலிப்பேச்சு அந்நாட்டில் பிறந்தது. உடையவனுடைய கவனக் குறைவை நிலைநாட்டி வழக்காடும் வழியும் உண்டு; அதுவும் எளிதான வழியன்று.

இன்னும் வேடிக்கை ஒன்று கேளுங்கள். 1865-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு நாய்களைப் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. நாய் ஓர் ஆட்டையோ மாட்டையோ காயப்படுத்தினால், அதன் பழைய குணத்தை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. உடையவன் நஷ்ட ஈடு கொடுத்தே தீர வேண்டும். ஆட்டுக்குக் கிடைத்த இந்தச் சலுகை, அந்த ஆட்டை மேய்த்த சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. 1971-இல் இங்கிலாந்தில் விலங்குகள் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோதும், மனிதனைக் கடித்த வழக்கில் 'உடையவனுக்குத் தெரிந்திருந்ததா' என்ற கேள்வி முற்றும் நீங்கவில்லை. ஆட்டின் வழக்கே இன்றும் எளிதானது. அந்தப் பார்லிமெண்டில் ஆடுடையவர்கள் மிகுதியாக அமர்ந்திருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நம் நாட்டில் இத்தகைய தீங்குகளுக்கு நஷ்ட ஈடு பெறும் முறை ஒரு தனிச் சட்டமாகத் தொகுக்கப்படவில்லை. நீதிமன்றங்கள் ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் கோட்பாடுகளைப் பெரிதும் தழுவியே தீர்ப்பளித்து வந்துள்ளன. தண்டனை என்பது வேறு. தன்னிடமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தவறியவனுக்கு, 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 289-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதித்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவில் அபராதம் 5,000 ரூபாய் வரை உயர்ந்தது; சிறைக்காலம் மாறவில்லை. ஆனால் அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குச் செல்வது. நீதிபதி தனியே உத்தரவிட்டாலன்றிக் கடிபட்டவன் கைக்கு அதில் ஒரு காசும் வராது.

இதுகாறும் சொன்னவை உடையவன் உள்ள நாய்க்கு. உடையவனே இல்லாத தெருநாய் கடித்தால் யாரிடம் போய்க் கேட்பது? வீதியைப் பராமரிக்கும் பொறுப்பு அரசுக்கும் நகராட்சிக்கும் உரியது. ஆகவே வீதியில் நேரும் இத்தீங்குக்கும் அவையே விடை சொல்ல வேண்டும் என்ற கருத்து மெல்ல வலுப்பெற்றது. கேரளத்தில் தெருநாய்களால் கடிபட்டவர்களின் விண்ணப்பங்களை ஆராய, 2016-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரி ஜகன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் ஒருபடி மேலே சென்று தொகையையே வரையறுத்தது. நாய்க்கடியில் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய். தோலிலிருந்து சதை பிய்ந்திருந்தால், காயத்தின் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20,000 ரூபாய். முதலில் அரசு கொடுத்துவிட வேண்டும். கடமையில் தவறிய அமைப்பிடமிருந்தோ தனியாரிடமிருந்தோ பின்னர் அது வசூலித்துக்கொள்ளலாம்.

பல்லை எண்ணிப் பணம் கொடுப்பதா என்று சிலர் நகைக்கலாம். எனக்கும் இக்கணக்கில் ஒரு குறை தோன்றுகிறது. கடிபட்ட சிறுமி அந்தத் தெருவில் கால் வைக்க அஞ்சி, ஊரைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாளே, அந்த அச்சத்தைச் சென்டிமீட்டர் அளக்காது. ஆயினும், நாயின் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்து சாட்சி தேடும் சுமையை ஏழையின் தலையிலிருந்து இது இறக்கி வைத்தது. ஆகவே நான் இதை ஆதரிக்கிறேன்.

அத்தீர்ப்பு பஞ்சாப், ஹரியானா, சண்டிகர் ஆகிய எல்லைக்குள்தான் செல்லும். அங்கே மாவட்டந்தோறும் டெபுடி கமிஷனர் தலைமையில் குழு அமைய வேண்டும், உரிய ஆவணங்களோடு விண்ணப்பம் வந்த நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஆவணம் முக்கியமே. கடிபட்டவுடன் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் காயத்தைக் கழுவுங்கள். தாமதியாமல் மருத்துவமனை சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வழக்கு பிறகு வரட்டும். அங்கே தரும் சீட்டில் கடிபட்ட நாளும், இடமும், காயத்தின் அளவும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு ரசீது கேட்டுப் பெறுங்கள்.