கொட்டேஷனை வரி வரியாகப் படிப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் நிதிக் கல்விப் பயிற்றுநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "புது கார் வாங்கும்போது விலை பேசுவது எப்படி?" தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். "நமக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?"னு தோணியிருக்கும். ஒரு காலத்தில் நம்ம குழுவில் கடன் கேட்டால் ஆட்டுக்குக் கேட்போம், தையல் மெஷினுக்குக் கேட்போம். இன்றைக்குத் துணி மூட்டையைக் கடைகளுக்குக் கொண்டு போகவும், வயசான அம்மாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் சின்ன கார் வாங்குகிற உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்கிற பெரிய செலவு இதுதான். பத்து வருஷச் சேமிப்பு ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் போகிற இடம். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பேரம் பேசத் தெரியாதவர்கள் இல்லை நாம். சந்தையில் கத்திரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலை கேட்பவர்கள். ஆனால் ஏசி ஷோரூமுக்குள் போய் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகிறோம். காரணம் இரண்டு. ஒன்று, அங்கே விலை என்பது ஒரு எண் இல்லை; பத்துப் பன்னிரண்டு எண்களைக் கூட்டி, கடைசியில் ஒன்றாகச் சொல்கிறார்கள். இரண்டு, நம்மிடம் யாரும் பேசுவதில்லை. கூட வந்திருக்கும் ஆணைப் பார்த்து "சார், என்ன கலர் பார்க்கலாம்?" என்று ஆரம்பித்து விடுகிறார்கள்.

தையல் யூனிட் நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் கார் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடன் அவர் பெயரில், சேமிப்பும் அவருடையது. விற்பனையாளர் முழு நேரமும் அவருடைய தம்பியிடமே பேசிக்கொண்டிருந்தார். அந்த அக்கா அமைதியாகச் சொன்னார்: "தம்பி, கையெழுத்துப் போடப் போறது நான். கணக்கை என்கிட்ட சொல்லுங்க." அதோடு நாற்காலி திரும்பியது. இதைத்தான் முதல் பாடமாகச் சொல்வேன். கையெழுத்து யாருடையதோ, பேச்சும் அவருடையதாக இருக்க வேண்டும்.

அவருக்கு வாயால் சொன்ன மொத்த விலை 8,17,000 ரூபாய். "இதைத் தனித்தனியா எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னு கேட்டோம். எழுதியதும் இப்படி வந்தது:

ஷோரூம் விலை – 6,50,000
சாலை வரி – 84,500
பதிவு மற்றும் இதர அரசுக் கட்டணங்கள் – 5,000
இன்சூரன்ஸ் – 38,000
கையாளும் கட்டணம் – 7,500
மேட், சீட் கவர் அடங்கிய 'கிட்' – 14,000
பெயிண்ட் கோட்டிங் – 6,000
கூடுதல் வாரண்டி – 12,000

இந்தச் சீட்டை மூன்று பங்காகப் பிரித்துப் பாருங்கள். அரசாங்கத்துக்குப் போவது, கம்பெனிக்குப் போவது, ஷோரூமுக்குப் போவது. முதல் பங்கில் பேரம் கிடையாது. சரியா என்று மட்டும் பார்க்க வேண்டும். மற்ற இரண்டிலும் பேச இடம் உண்டு.

முதலில் அரசாங்கப் பங்கு. ஜிஎஸ்டி ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. அதைத் தனியாகச் சேர்த்தால் கேள்வி கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதாவது 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்டு, பெட்ரோல் என்றால் 1200 சிசி வரை, டீசல் என்றால் 1500 சிசி வரை. அதற்கு முன் செஸ்ஸும் சேர்த்து 29, 31 சதவீதம் இருந்தது.

சாலை வரி நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் மாற்றப்பட்டது. அந்த விகிதப்படி சொந்த உபயோகக் காருக்கு ஆயுள் வரி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அந்த அக்காவின் 6,50,000க்கு 13 சதவீதம் 84,500. சரியாக இருந்தது.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். "மேல் மாடலுக்குப் பத்தாயிரம்தான்மா அதிகம்" என்பார்கள். 9,95,000 ரூபாய் காருக்குச் சாலை வரி 1,29,350. அதே கார் 10,05,000 ஆனால் வரி 1,80,900. பத்தாயிரம் ஏறிய இடத்தில் வரி மட்டும் ஐம்பத்தோராயிரம் ஏறுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாவிட்டால் போனது போனதுதான்.

அடுத்து இன்சூரன்ஸ். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குக் கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து இந்த விதி இருக்கிறது. நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீட்டை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். வெளியே இரண்டு கம்பெனிகளில் விலை கேளுங்கள். ஆனால் ஒப்பிடும்போது ஐடிவி என்ற தொகை ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ அந்தத் தொகைதான் அளவு. புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தைக் குறைத்தால் அது மலிவு இல்லை, ஓட்டை. அக்காவுக்கு அதே ஐடிவிக்கு வெளியே 29,000 சொன்னார்கள். அந்தச் சீட்டைக் காட்டியதும் ஷோரூமும் 29,000க்கு இறங்கியது.

கையாளும் கட்டணம் அரசுக் கட்டணம் இல்லை. "இது எந்த விதிப்படி? ரசீது தருவீங்களா?" என்று கேட்டோம். சீட்டிலிருந்து நீங்கியது. கிட், கோட்டிங் இரண்டையும் வேண்டாம் என்றோம். மேட்டும் சீட் கவரும் வெளிக்கடையில் 4,500க்குக் கிடைத்தன. கூடுதல் வாரண்டியை மட்டும் யோசித்து வைத்துக்கொண்டார். ரிப்பேர் செலவு திடீரென வந்தால் தாங்க முடியாது என்பது அவர் கணக்கு. நியாயம்தான். வேண்டியதை வைத்துக்கொள்வதும் பேரத்தில் சேர்த்திதான்.

கடைசியில் ஷோரூம் விலை. இதில் தள்ளுபடி கிடைப்பது பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது. மாசக் கடைசியில் விற்பனைக் கணக்கு முடிக்க அவசரப்படுவார்கள். டிசம்பரில் அந்த வருஷத் தயாரிப்பு வண்டிகளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் கூட்டம் அலைமோதும்போது போய்ப் பேசினால் இறங்க மாட்டார்கள். அக்கா அதே மாடலுக்குப் பக்கத்து ஊர் ஷோரூம் கொட்டேஷனையும் கையில் வைத்திருந்தார். "தங்கக் காசு தர்றோம்மா" என்றார்கள். "காசு வேண்டாம், விலையில் குறைங்க" என்றார். 15,000 குறைந்தது.

கூட்டிப் பார்த்தால் 8,17,000 என்று சொன்ன வண்டி 7,65,500க்கு வந்தது. வெளியே வாங்கிய மேட்டையும் சேர்த்துக் கழித்தால் மிச்சம் 47,000.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இவ்வளவு பேசி மிச்சம் பிடித்ததைவிட அதிகமான பணம் கடன் சீட்டில் ஒளிந்திருந்தது.

அவருக்குத் தேவை 5 லட்சம் கடன், ஐந்து வருஷம். ஷோரூமிலேயே ஒரு பைனான்ஸ் ஆள் உட்கார்ந்திருந்தார். "பேங்க்ல 10 பர்சன்ட், நாங்க 8 பர்சன்ட்தான்" என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 8, பிளாட் வட்டி. வாங்கிய முழு 5 லட்சத்துக்கும் ஐந்து வருஷமும் வட்டி. வருஷம் 40,000 வீதம் 2,00,000 ரூபாய். மாதத் தவணை 11,667.

நம்ம குழுவில் எப்படி வட்டி போடுகிறோம்? கட்டக் கட்ட, மீதி இருக்கிற அசலுக்குத்தானே? அந்த முறையில் பேங்க் கடனுக்கு 10 சதவீதத்தில் தவணை சுமார் 10,624. ஐந்து வருஷ வட்டி சுமார் 1,37,400. "8" என்பது "10"ஐவிட 62,600 ரூபாய் அதிகம்! நம் குழுக் கணக்கு முறைக்கு மாற்றிப் பார்த்தால் அந்த 8, 14 சதவீதத்துக்கும் மேல். தீர்மானப் புத்தகமும் கடன் லெட்ஜரும் எழுதிப் பழகிய நமக்கு இது புதுக் கணக்கு இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மொத்த அசலுக்கு வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா?"

இதற்கு எழுத்தில் பதில் வாங்க வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இந்த மாதிரி கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 'கீ ஃபாக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டணங்கள் எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள், கேட்பது உரிமை. கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்மா?" என்று முதலிலேயே கேட்பார்கள். சொல்லாதீர்கள். "முதல்ல வண்டி விலையை முடிப்போம்" என்று சொல்லுங்கள். தவணையைச் சொல்லிவிட்டால் வருஷத்தை நீட்டி அதற்குள் எதையும் அடைத்து விடலாம். அதே 5 லட்சத்தை 10 சதவீதத்தில் ஏழு வருஷமாக்கினால் தவணை 8,300தான். மாசம் 2,300 குறைந்த மாதிரி இருக்கும். முடிவில் வட்டி சுமார் 60,000 கூடியிருக்கும். பழைய வண்டியைக் கொடுத்து மாற்றினாலும் இப்படித்தான். பழையதற்கு ஒரு பேரம், புதியதற்கு ஒரு பேரம், கடனுக்கு ஒரு பேரம். மூன்றையும் ஒரே இலையில் பரிமாற விடாதீர்கள்.

முன்பணம் கட்டும்போது ஷோரூம் பெயரில் உள்ள கணக்குக்கே கட்டுங்கள், விற்பனையாளரின் சொந்த போன் நம்பருக்கு வேண்டாம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21ல் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். போன வருஷ வண்டியை இந்த வருஷ விலைக்கு வாங்கி விடாதீர்கள். பதிவு எண் பலகை மாட்டாமல் புது வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பது சட்டம்.

ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய வண்டியாக இருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். ஆனால் அங்கே பேசுவது காகிதம். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்காட்சியில் நாம் ஊறுகாயும் சத்து மாவும் விற்கும்போது, விலையை அடித்து அடித்துக் குறைப்பவர்களைப் பார்த்து மனசு வெந்திருக்கிறோம். அந்த விற்பனையாளரும் மாசச் சம்பளத்துக்கு நிற்கிறவர். அவருடைய நியாயமான லாபத்தைப் பிடுங்குவது நம் நோக்கம் இல்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். குரலை உயர்த்த வேண்டாம். "யோசிச்சுட்டு நாளைக்கு வர்றோம்" என்று எழுந்து வரத் தெரிந்தால் போதும். நல்ல விலை பெரும்பாலும் வாசலுக்குப் போகும்போதுதான் பின்னாலேயே வரும்.

முடிவாக, இந்தப் பொதுக்குழு முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். குழுவுக்கு மொத்தமாகச் சாமான் வாங்கும்போது மூன்று கொட்டேஷன் வாங்கி, கூட்டத்தில் வாசித்துத்தான் முடிவெடுக்கிறோம். உறுப்பினர் வண்டி வாங்கும்போதும் அப்படியே செய்வோம். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கொட்டேஷனும் கடன் தாளும் வாராந்திரக் கூட்டத்துக்கு வரட்டும். கணக்கு தெரிந்த இரண்டு பேர் ஷோரூமுக்குக் கூடப் போகட்டும். தனியாகப் போகிற பெண்ணிடம் சொல்கிற விலையை, மூன்று பெண்கள் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இதைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.