கல்மேடைக்கு ஏற்ற கழுவுதொட்டி

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி என்று பொருள். அந்தச் சந்தியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்த நம் குடும்பங்களில் பல, இன்று லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடி போயிருக்கின்றன. போனதும் முதலில் கை வைப்பது குசினியில்தான். ஊழியர் சேமநிதியில் எடுத்த பணமும் பிள்ளைகள் கொடுத்த பணமும் சேர்ந்து ஒரு கல்மேடையாக அங்கே வந்து உட்காருகிறது.

மேடைக்குக் கல் தேர்ந்தெடுக்க நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் கழுவுதொட்டி, அதாவது சிங்க், என்று வரும்போது, "ஏதாவது ஒன்றைப் போட்டு விடுங்கள்" என்று வேலைக்காரரிடம் சொல்லிவிடுகிறோம். இது தலைகீழான காரியம். கல்லில் ஓட்டை போட்டபின் அதை மூட முடியாது. ஆகவே தொட்டியை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு கல்லை வெட்டச் சொல்ல வேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

முதலில் நம் மேடை எந்தக் கல் என்று தெரிந்துகொள்வோம். கிரானைட் நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் அரைத்த அம்மியும் ஆட்டுக்கல்லும் அந்த இனத்துக் கருங்கல்தான். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் இன்றும் அதை வெட்டி எடுக்கிறார்கள். புளியும் எலுமிச்சையும் கிரானைட்டை அரிப்பதில்லை. பளிங்கு அப்படியில்லை. அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். ரசம் சிந்தினால் மெருகு போய் வெள்ளைத் தழும்பு விழும். சந்தேகமாக இருந்தால் கடைக்காரரிடம் ஒரு துண்டுக் கல் வாங்கி, அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கல் தெரிந்தால் அது நம் சமையலுக்கு ஆகாது.

மூன்றாவது, குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல். பொடித்த குவார்ட்ஸ் கல்லைப் பிசினோடு சேர்த்து இறுக்கிச் செய்வது. கறை அவ்வளவாக இறங்காது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே அதன்மேல் வைத்தால் பிசின் கருகித் தடம் விழுந்துவிடும். நான்காவது, சிமெண்டுப் பலகை போட்டு அதன்மேல் ஓடு பதித்த மேடை. கல்மேடை வாங்க வசதிப்படாத வீடுகளில் அதுதான் இருக்கும், அதிலும் குறைவொன்றுமில்லை.

இனித் தொட்டிக்கு வருவோம். கடையில் பல பெயர் சொன்னாலும், நமக்கு வேண்டியது இரண்டு வகைதான். ஒன்று, மேலே உட்காரும் தொட்டி. அதைக் கடையில் டாப் மவுண்ட் என்பார்கள். அதன் விளிம்பு கல்லின்மேல் படிந்து நிற்கும். மற்றொன்று, அடியில் பொருத்தும் தொட்டி. அது அண்டர் மவுண்ட். கல்லுக்குக் கீழே ஒட்டியிருக்கும். வெட்டிய கல் ஓரம் மேலே தெரியும்.

அடியில் பொருத்தும் தொட்டியால் பெரிய நன்மை, துடைப்பது சுலபம். மேடைமேல் கிடக்கும் வெங்காயத் தோலையும் மீன் செதிலையும் ஒரே இழுப்பில் தொட்டிக்குள் தள்ளிவிடலாம். நடுவில் விளிம்பு தடுக்காது. விளிம்போரத்தில் அழுக்கும் தங்காது. கல்மேடைக்கு இதுவே அழகு என்று கடைக்காரர் சொல்வதில் உண்மை உண்டு.

ஆனால் அதற்கு நிபந்தனைகளும் உண்டு. வெட்டிய ஓரம் வெளியே தெரிவதால் அதையும் மேற்பரப்பைப் போலவே மெருகேற்ற வேண்டும். அதற்குத் தனிக் கூலி. பெரிய குண்டானையும் குக்கரையும் தூக்கி இறக்கும்போது அந்த ஓரத்தில் இடித்தால் சில்லு பெயரும். ஓடு பதித்த மேடைக்கு இந்த வகை ஒத்துவராது. ஓட்டு ஓரத்தில் தண்ணீர் இறங்கிச் சிமெண்டு ஊறிவிடும்.

எடையையும் நினைத்துப் பாருங்கள். இருபது அங்குல நீளம், பதினாறு அங்குல அகலம், எட்டு அங்குல ஆழமுள்ள தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் அது ஏறக்குறைய 42 லிட்டர். அதாவது 42 கிலோ. அதற்குமேல் பாத்திரங்களின் பாரம். இவ்வளவையும் வெறும் பசையை நம்பித் தொங்க விடலாமா? அடியில் இரும்புத் தாங்கியோ அலமாரியோடு இணைந்த சட்டமோ இருக்க வேண்டும். "பசையே போதும்" என்று வேலைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மேலே உட்காரும் தொட்டியில் பாரத்தைக் கல்லே தாங்கிக்கொள்ளும். வெட்டிய ஓரத்தை விளிம்பு மூடிவிடுவதால் மெருகுக் கூலி மிச்சம். பத்து வருடம் கழித்துத் தொட்டி ஓட்டையானால் அதே அளவில் வேறொன்றை வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், விளிம்பைச் சுற்றித் தடவிய சிலிக்கான் நாளடைவில் கறுத்துப்போகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

ஆக, நம் முடிவு இது. மேடை நல்ல கிரானைட்டாகவோ குவார்ட்ஸாகவோ இருந்து, தாங்கி வைத்துப் பொருத்தத் தெரிந்த ஆளும் கிடைத்தால், அடியில் பொருத்தும் தொட்டி போடலாம். ஓட்டு மேடையாக இருந்தாலோ, கையில் பணம் அளவாக இருந்தாலோ, மேலே உட்காரும் தொட்டியே மேல். அதைப் போட்டதனால் கௌரவம் குறைந்துவிடாது.

அடுத்தது ஆழம். இதைத்தான் நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். லயத்தில் பின்வாசல் கால்வாயோரம் குந்தியிருந்து பாத்திரம் தேய்த்தோம். தோட்டத்திலே பாதி நாள் குனிந்தே மரம் சீவினோம். அந்த முதுகு இன்னும் வலித்துக்கொண்டுதான் இருக்கிறது. வயதான காலத்தில் வாங்கும் தொட்டியும் நம்மைக் குனிய வைக்கலாமா? பத்து அங்குலத்துக்கு மேல் ஆழமுள்ள தொட்டியில் அடிப்பாத்திரத்தை எடுக்க ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். அடியில் பொருத்தும் வகையில் கல்லின் கனமும் சேர்ந்து தொட்டியின் தரை இன்னும் கீழே போகும். எட்டு, ஒன்பது அங்குல ஆழம் போதும்.

மேடையின் உயரத்தை வீட்டில் சமைக்கிறவரை நிற்கவைத்து அளந்து முடிவு செய்யுங்கள். முழங்கையை மடக்கி நின்றால், மேடை அதற்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருப்பது வசதி. குத்தகைக்காரர் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம் வைப்பார். நம் பாட்டி நாலேமுக்கால் அடி இருந்தால் அது அவருக்கு ஒத்துவராது.

ஒரு குழியா, இரு குழியா என்றும் கேட்பீர்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அண்டா கழுவுகிற வீட்டுக்கு ஒரே பெரிய குழி நல்லது. அன்றாடம் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்க இரு குழி நல்லது. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் அலசும் தண்ணீர். 1991-ஆம் ஆண்டு துரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்ததை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு குழித் தொட்டிதான் இருக்கிறது என்றால், உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டுவம் வைத்து அலசினாலும் அதே சிக்கனம் கிடைக்கும்.

தொட்டியின் உலோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவர்சில்வரில் 304 என்ற தரம் நல்லது. அதில் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். 201 என்பது விலை குறைந்தது. உப்புப் பட்டால் சீக்கிரம் துருப்புள்ளி விழும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்பிவிடாதீர்கள். 201-இலும் காந்தம் சரியாக ஒட்டாது. தரத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். எவ்வளவு நல்ல தொட்டியானாலும் கருவாட்டுத் தண்ணீரையும் குளோரின் கலந்த வெளுப்பானையும் இரவு முழுதும் அதில் தேங்க விடக்கூடாது.

இப்போது நம் வீட்டில் நடந்த கதை ஒன்று. தொட்டி கடையிலிருந்து வருமுன்பே, தொலைபேசியில் சொன்ன அளவை வைத்துக் கல்லை வெட்டச் சொன்னோம். தொட்டி வந்தது. ஒரு பக்கம் விளிம்பு கல்லைத் தொடவே இல்லை. கால் அங்குல இடைவெளி. கடைசியில் அந்தத் தொட்டியைப் போட்ட விலைக்கு விற்க முடியாமல், அகல விளிம்புள்ள இன்னொன்றை வாங்கினோம். ஒரு குசினிக்கு இரண்டு தொட்டி வாங்கிய பெருமை நம்முடையது! தவறு கல் வெட்டியவருடையதன்று. அவசரப்பட்டது நாம்தான்.

ஆகையால் தொட்டியையும், அதோடு வரும் அட்டை அச்சையும் கல் வெட்டுபவர் கையிலேயே கொடுங்கள். ஓட்டையின் முன்னும் பின்னும் இரண்டரை, மூன்று அங்குலமாவது கல் மிஞ்ச வேண்டும். அந்த ஒல்லியான இடத்தில்தான் கல் முறியும். மூலைகளைச் செங்கோணமாக வெட்டாமல் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். இரண்டு கல் சேரும் மூட்டு தொட்டிக்கு மேலே வரக்கூடாது. காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் இயற்கைக் கல்லைக் கறைப்படுத்தலாம். அந்த வாசனையில்லாத வகையைக் கேளுங்கள்.

இன்னொன்றை நாம் மறந்துவிடலாகாது. கல் வெட்டும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா என்ற நுண்பொடி இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. கிரானைட்டை விடச் செயற்கைக் குவார்ட்ஸில் சிலிக்கா மிக அதிகம். கல் வெட்டிய இளைஞர்கள் பலர் நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. தோட்டத்து வேலை குறைந்த பிறகு நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட கட்டட வேலைகளுக்குப் போகிறார்கள் அல்லவா? ஆகவே ஓட்டையைப் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். குசினிக்குள் உலர்ந்த கல்லை வெட்ட விடாதீர்கள். ஒரு சில வெள்ளி கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். நம் மேடையின் பளபளப்புக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் மூச்சு விலையாகக் கூடாது.

வேலை முடிந்ததும் உடனே முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம். சிலிக்கான் காய ஒரு நாள் விடுங்கள். பிறகு தொட்டியை நிரப்பி ஒரு மணி நேரம் வைத்திருந்து, அடியில் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பிறகு தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் குழாய் மூட்டுகளையும் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.

மறுபடியும் ஒருமுறை சொல்லிவிடுகிறோம். முதலில் தொட்டி, பிறகு வெட்டு. ஓட்டு மேடைக்கு மேலே உட்காரும் தொட்டி. நல்ல கல்லும் நல்ல ஆளும் இருந்தால் அடியில் பொருத்தும் தொட்டி. ஆழம் நம் முதுகுக்கு ஏற்றபடி. வெட்டுவது தண்ணீர் விட்டு, பட்டறையில். பல வருட உழைப்பில் சேர்ந்த பணம் இது. நாலு நாள் பொறுத்துச் செலவழித்தால் நாற்பது வருடம் நிற்கும்.